மேற்கு ஓரத்துக் கற்கள்

காலை ஆறரை மணிக்குப் புல்லில் ஏழு கற்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு. ஆறு கற்கள் ஒரே வரிசையில் இருந்தன. ஒன்று மட்டும் உருண்டு, தள்ளி ஒரு புதரின் அடியில் கிடந்தது. எல்லாவற்றின் மேலும் ஈரம்.

பத்தடி தள்ளி எஸ்டேட்டின் காப்பிக் களம். அதன் மேற்கு ஓரத்தில் தார்ப்பாய் விலகி, தன்மேல் தானே மடிந்து கிடந்தது. அதற்கு அடியில் வெளிர் மஞ்சளாக உலர்ந்துகொண்டிருக்க வேண்டிய காப்பிக்கொட்டை பழுப்பேறி நனைந்திருந்தது. சிமெண்டுத் தரையின் சரிவில் ஓடிய மழைநீர் கொஞ்சம் கொட்டையை வடிகால் வரை இழுத்துப் போயிருந்தது.

களத்தில் ஆள் இல்லை. வேலைக்குப் பேர் கூப்பிட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

நான் கற்களைத் தூக்கினேன். இரண்டிரண்டாக, நான்கு நடை. தார்ப்பாயின் ஓரமாகத் தரையில் அவற்றை வைத்தேன். கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மேசையில் விட்டுப்போன டீ ஆறியிருந்தது. அதைக் குடித்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன் இந்த இதழின் இதே பக்கத்தில், ஐம்பத்து மூன்று வயதில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகைமேல் சறுக்கக் கற்றுக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். வாசகர்கள் கடிதம் போட்டார்கள். பெரும்பாலான கடிதங்களில் ‘துணிச்சல்’ என்ற சொல் இருந்தது. அந்த அத்தியாயத்தில் இந்தக் காலை இல்லை. விட்டுவிட்டேன். மறதியால் அல்ல.

பன்னிரண்டு மணியில் நிறுத்துவது

முன்பு படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ராமநாதபுரம் பக்கம் போயிருந்தேன். அங்கே கடலில் சிலர் பெரிய பட்டங்களை வானத்தில் நிறுத்தி, அவை இழுத்த இழுப்பில் தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தார்கள். காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு பட்டை, கையில் ஒரு கம்பி. அந்தக் கம்பியைப் ‘பார்’ என்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகாமல் கரையிலேயே நின்றேன்.

கற்றுக்கொடுத்தவர் பெயர் ஜெரால்டு. மீனவர் குடும்பம், முப்பது வயதிருக்கும். முதல் நாளே என்னைத் தண்ணீரில் இறக்க மறுத்துவிட்டார். மணலில் நிற்கவைத்து, இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு சின்னத் துணிப்பட்டத்தைக் கொடுத்தார். எதிரே வானத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். நேர் உச்சி பன்னிரண்டு. பட்டம் பன்னிரண்டில் நின்றால் இழுக்காது. பத்துக்கோ இரண்டுக்கோ சாய்ந்தால் இழுக்கும்.

எனக்கு அது பன்னிரண்டில் நிற்கவே இல்லை. மூன்று முறை முகம் மணலில் பட விழுந்தேன். விழும்போதெல்லாம் பாரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பாரை இழுக்க இழுக்கப் பட்டத்துக்கு வலு கூடும் என்பது அப்போது கைக்குத் தெரியவில்லை.

“கைய விடுங்கக்கா. நீங்க விட்டாத்தான் அது விடும்” என்றார் ஜெரால்டு. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மூன்றாம் நாள் அந்தச் சின்னப் பட்டத்தை என் பையில் வைத்து, ஊரில் ஒரு மாதம் தரையில் பழகிவிட்டு வரச் சொன்னார்.

என் ஊர் ஏற்காடு. கடலுக்கு அரை நாள் பயணம். ஏரி உண்டு, ஆனால் அதைச் சுற்றி மரம், அதன்மேல் படகு. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குள் காலியாகக் கிடந்த குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். சுற்றிலும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் நிழலில் காப்பியும். காற்று தடையில்லாமல் வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். காப்பிக் களமும், அதை ஒட்டிய புல்மேடும்.

ராஜாமணியின் களம்

காப்பிப் பழத்தைத் தோல் உரித்துக் கழுவி, ஓட்டோடு களத்தில் பரப்புவார்கள். வெயில் ஏற ஏற மரப்பலகையால் தள்ளிப் புரட்ட வேண்டும். நாலு மணிக்கு மலையில் வெளிச்சம் சாயும். பனி இறங்குவதற்குள் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரமெல்லாம் கல் வைக்க வேண்டும். ஒரு ராத்திரி நனைந்தாலும் கொட்டைக்குப் பூசண வாடை பிடித்துவிடும். அது போகாது.

இந்த வேலைக்குப் பொறுப்பு ராஜாமணி என்ற பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு வருடம் அவரிடம் களம் இருந்தது, அதில் ஒரு மூட்டைகூடக் கெட்டதில்லை என்று எஸ்டேட்டில் எல்லோரும் சொல்வார்கள். ராஜாமணியும் சொல்வார். கல் வைத்த பிறகு ஒவ்வொன்றையும் குதிகாலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பட்டத்தோடு நான் முதலில் அங்கே போனபோது, கையிலிருந்த பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். பட்டம் எழுந்து, சுற்றி, தலைகீழாகத் தரையில் குத்தியது.

“ஏனுங்கம்மா, இது பறக்கறதுங்களா, உழறதுங்களா?”

இரண்டும்தான் என்றேன். அடுத்த நாளிலிருந்து நான் எஸ்டேட்டில் பாராசூட்டு அம்மா. காப்பி பொறுக்கும் பெண்கள் என்னைத் தாண்டிப் போகும்போது வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருடம் செய்தி மேசையில் உட்கார்ந்தவளை யாரும் எந்தப் பட்டப்பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அந்த ஞாயிறு

தனியாளாகப் பட்டம் ஏற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. நூலைப் பிரித்துக்கொண்டு இருபது மீட்டர் பின்னால் நடந்து போகும்வரை பட்டம் தரையிலேயே கிடக்க வேண்டும். கடற்கரையில் அதன் ஓரத்தில் மணலை அள்ளிப் போடுவார்கள். பாரை இழுத்ததும் மணல் சரியும், பட்டம் எழும். மலையில் மணல் இல்லை. ஈர மண்ணைப் போட்டால் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு வாரம் செருப்பு, குடை, துணிப்பை என்று எல்லாம் வைத்துப் பார்த்தேன்.

பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. எஸ்டேட்டுக்கு விடுமுறை என்றாலும் களத்துக்கு விடுமுறை இல்லை. ராஜாமணி நாலு மணிக்கு மூடி, கல் வைத்து, மிதித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாலரைக்குக் காற்று வந்தது. அந்த மாதத்திலேயே நல்ல காற்று, விட்டு விட்டு வராமல் ஒரே சீராக.

களத்தின் மேற்கு ஓரத்திலிருந்து ஏழு கற்களை எடுத்துப் பட்டத்தின்மேல் வைத்தேன். எடுக்கும்போது திரும்ப வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதை நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் ‘மறந்துபோனேன்’ என்று சொல்லும்போது கொஞ்சம் தயங்குகிறேன்.

பாரை இழுத்தேன். கற்கள் உருண்டன. பட்டம் எழுந்து உச்சிக்குப் போய் நின்றது. பன்னிரண்டில். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அப்படியே. சிவப்பும் மஞ்சளுமான துணி, அடியில் காற்றின் சின்னப் படபடப்பு, விரல்களில் மிக மெல்லிய இழுப்பு. வாழ்க்கையில் அவ்வளவு அசையாத ஒன்றை நான் பிடித்திருந்ததில்லை.

ஐந்தரைக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது. பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் ஜெரால்டுக்குப் போன் செய்தேன். அடுத்த வாரமே வரச் சொன்னார்.

தை மாதத்தில் மலையில் மழை பெய்வது அபூர்வம். அன்று இரவு பெய்தது. ஓட்டின்மேல் சத்தம் கேட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காலையில் டீயை வாயருகே கொண்டுபோகும்போதுதான் கற்கள் ஞாபகம் வந்தன.

நான்கு நடை

கற்களை ஏன் தூக்கி வைத்தேன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறோம் என்று அந்தச் சில நிமிடங்கள் என்னிடமே சொல்லிக்கொண்டது உண்மை. ஆனால் நான் செய்தித்தாளில் வேலை பார்த்தவள். ஒரு பொருள் கிடந்த இடம் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். புல்லில் கிடந்திருந்தால் அவை என்னைக் காட்டியிருக்கும். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்ததால் ராஜாமணியைக் காட்டின. கல்லைத் தார்ப்பாய்மேல் ஏற்றாமல் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றன.

அன்று காலை, பழம் உரிக்கும் மிஷின் கொட்டகைக்கு முன்னால், அறுபது பேர் நடுவில் ரைட்டர் அதைத்தான் சொன்னார். பேரேட்டை வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் கல்லைக்கூட வைக்கத் தெரியவில்லை, பதினொரு வருடமாகக் களம் பார்த்த லட்சணம் இதுதானா என்றாராம். ராஜாமணியைப் பள்ளத்துக் காட்டில் கடைசிப் பழம் பொறுக்க அனுப்பினார். களத்துக்கு வேறு ஆள் போட்டார்.

இதெல்லாம் எனக்குப் பால் கொண்டுவரும் பெண் சொன்னது. கேட்டுவிட்டு, “அப்படியா” என்றேன். மூன்றாம் நாள் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம்.

சேலம் பதிப்பில் நான் சேர்ந்த புதிதில், ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு பஸ் தடுப்புச் சுவரில் மோதியது. முதல் பக்கச் செய்தி. ஓட்டியவர் என்று நான் போட்ட பெயர் அன்று விடுப்பில் இருந்த இன்னொரு டிரைவருடையது. மறுநாள் ஏழாம் பக்கத்தில், மணமகள் தேவை விளம்பரங்களுக்குக் கீழே, இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டோம். அந்த டிரைவர் அடிவாரத்திலிருந்து அலுவலகத்துக்கே வந்தார். சண்டை போடவில்லை. மடித்த பேப்பரை மேசையில் விரித்து, “ஏனுங்க, தப்பு மொதப் பக்கத்துல வந்துச்சுங்களே” என்று மட்டும் கேட்டார். அது வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினேன். வழக்கமில்லைதான்.

கையை விட்டது

கடலில் நடந்ததை முன்பே எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் பயத்தில் பாரை இழுத்து, பட்டம் என்னைத் தண்ணீரோடு தேய்த்துக்கொண்டு போனபோது, ஜெரால்டு பின்னாலிருந்து விடச் சொல்லிக் கத்திக்கொண்டே நீந்தி வந்தார். விட்டேன். பட்டம் வலுவிழந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. அவ்வளவுதான். இருமிக்கொண்டே மிதந்தேன். அதற்கடுத்த முயற்சியில் பலகைமேல் எழுந்து, ஐந்து எண்ணும் நேரம் போனேன்.

அந்த ஐந்து எண்ணும் நேரத்தைத்தான் பெருமையாக எழுதியிருந்தேன். மலையில் எப்படிப் பழகினேன் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். எதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கத்தில், ‘கடற்கரையில் மணல் போடுவார்கள், மணல் இல்லாத இடத்தில் நான் கல் வைத்தேன்’ என்று ஒரு வாக்கியமும் எழுதியிருந்தேன். பிரதி திருத்தும்போது அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போனேன். என் கண்ணில் எதுவும் உறுத்தவில்லை.

பஸ்ஸில்

இதழ் வந்த நான்காம் நாள், நாகலூரில் ஏற்காடு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ராஜாமணி வந்து உட்கார்ந்தார். டிக்கெட் வாங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

“உங்க கதய எங்க ஊட்டுக்காரரு டீக்கடையில படிச்சுட்டு வந்து சொன்னாருங்கம்மா. நொம்ப நல்லா எழுதியிருக்கீங்களாம்.”

நன்றி என்றேன்.

“கல்லு வெச்சுப் பட்டம் உட்டதக்கூட உடாம எழுதியிருக்கீங்களாம்.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது என் கல் இல்லை, உங்கள் களத்துக் கல் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்கவிடவில்லை.

“அன்னைக்கே தெரியுமுங்க. களத்துக் கல்லுக்கு அடியில மண்ணு இருக்காதுங்க, சிமெண்டுலயே கெடக்கறது. அந்த ஏழு கல்லுல மட்டும் செம்மண்ணும் புல்லும் ஒட்டியிருந்துச்சு.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட உடனே, அது கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தது.

“நான் சொல்றதுக்கு அது என்ற தப்புங்களா?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு பாத்தனுங்க. நீங்க கடலுக்குப் போயிட்டீங்க.”

அன்று மாலை மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். இதற்கா மேடம் இவ்வளவு யோசித்தீர்கள் என்று காப்பி வரவழைத்தார். மறுநாளே ராஜாமணி களத்துக்குத் திரும்பினார். காரணம் யாருக்கும் சொல்லப்படவில்லை. என் பக்கம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் களத்தைத் தாண்டிப் போனேன். ராஜாமணி புரட்டுவதை நிறுத்திவிட்டு ஓரத்துக்கு வந்தார்.

“மேனேஜரு காலுல உழுந்து களத்த வாங்கிட்டேன்னு பேசிக்கறாங்கம்மா. எங்க வெச்சு என்னையச் சொன்னாங்களோ, அங்க வெச்சுச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

மறுபடியும் ஏழாம் பக்கத்தில்தான் திருத்தம் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பேர் கூப்பிடும் நேரம்

மறுநாள் காலை ஏழே காலுக்கு மிஷின் கொட்டகை முன்னால் போய் நின்றேன். நல்ல பனி. பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையை மூடிக்கொண்டு நின்றார்கள். ரைட்டரிடம் ஒரு நிமிடம் கேட்டேன். ஏதோ அறிவிப்பு என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

நான் நான்கு வாக்கியம் தயாரித்து வந்திருந்தேன். யார், என்ன, எப்போது. மழை பெய்த அந்த ஞாயிறு, களத்தின் மேற்கு ஓரத்துக் கற்களை எடுத்தது நான். திரும்ப வைக்காமல் போனது நான். விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து போட்டதும் நான்தான். ராஜாமணி அன்று கல் வைத்து, மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

முதல் இரண்டையும் சொல்லிவிட்டேன். மூன்றாவதில் ‘யாருக்கும் தெரியாமல்’ என்ற இரண்டு சொற்களைத் தாண்டிப் போகப் பார்த்தேன். மறுபடி தொடங்கிக் கடைசிவரை சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு வயதான குரல் வந்தது. “அப்பப் பாராசூட்டு அம்மாளப் பள்ளத்துக் காட்டுக்கு அனுப்புங்க ரைட்டரே. ஒரு சாக்குக் குடுத்து உடுங்க.”

சிரிப்பு எழுந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ராஜாமணி சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. ரைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரைட்டர் பேரேட்டைத் திறந்து வரிசையாகப் பேர் படித்தார். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். ராஜாமணியின் பேர் வந்தது. பதில் இல்லை. ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஐந்தடியில் ராஜாமணி நின்றுகொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை. யாரோ இருமினார்கள்.

ரைட்டர் பேனாவை மூடினார், திறந்தார்.

“அன்னைக்கு நாந்தான் வெசாரிக்காமப் பேசிப்போட்டேன்” என்றார், பேரேட்டைப் பார்த்தபடி. பிறகு மூன்றாவது முறை கூப்பிட்டார்.

“இருக்கனுங்க” என்றார் ராஜாமணி.

நாலு மணி

அன்று நாலு மணிக்குக் களத்துக்குப் போனேன். ராஜாமணி கொட்டையைக் கூட்டிக் குவித்திருந்தார். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன், தடுக்கவில்லை. இருவருமாக இழுத்து விரித்தோம். நனைந்துபோன காப்பியைத் தனியாக ஒரு மூலையில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போகும்போது வாடை வந்தது, மூடிவைத்த பழைய பெட்டியைத் திறந்ததுபோல.

பிறகு மேற்கு ஓரத்துக்குப் போய்க் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினேன்.

“அதை வெச்சுருங்கம்மா” என்றார் பின்னாலிருந்து.

தார்ப்பாய்மேல் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து வைத்தேன். அவர் வந்து, அதை எடுத்து, கீழே தரையில் போட்டார்.

“நீங்க வெக்க வேண்டாமுங்க. நானே வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

சொன்ன விதத்தில் கடுமை எதுவும் இல்லை. வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் களத்தை விட்டு இறங்கிப் புல்லில் நின்றேன். அவர் கிழக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கல்லாக வைத்து, குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தார். மேற்கு ஓரத்துக்கு வந்ததும் அந்த ஏழு கற்களையும் இரண்டிரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.